பட்டன் கையில் இருந்தும் வலி அடங்காவிட்டால்

மயக்க மருத்துவர்:
அறுவைக்குப் பின் நோயாளி பட்டனை அழுத்தித் தானே வலி மருந்து எடுத்துக்கொள்ள ஒரு பம்ப் வைப்போம். "அழுத்திக்கிட்டேதான் இருக்கேன், வலி விடமாட்டேங்குது" என்று அவர் சொன்னால், டோஸை ஏற்றுமுன் பம்பின் கணக்கைப் பாருங்கள். எத்தனை முறை அழுத்தினார், எத்தனை முறை மருந்து போனது என்று இரண்டு எண் இருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அமைப்பு: மார்பின் என்ற வலி மருந்து மில்லிக்கு 1 மி.கி., ஓர் அழுத்தலுக்கு 1 மி.கி., லாக்அவுட் (எத்தனை முறை அழுத்தினாலும் அடுத்த டோஸ் போகாத நேரம்) 5 நிமிடம். 40 அழுத்தலில் 10தான் உள்ளே போயிருந்தால், பெரும்பாலும் தொடக்க டோஸ் பற்றவில்லை. அறுவை முடிந்ததும் வைத்திருக்கும் ரெக்கவரி அறையிலேயே சிறுகச் சிறுகக் கொடுத்து வலியை இறக்கிவிட்டுத்தான் பட்டனைத் தர வேண்டும். இறங்கிய வலி ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான் பட்டன்.

வார்டு செவிலியர்:
நேர்மாறாகவும் நடக்கும். வலி 10க்கு 8, ராத்திரி முழுக்க அழுத்தியது மூன்றே தடவை. மருந்து பழகிவிடும் என்று பயந்திருப்பார், இல்லையென்றால் அழுத்தினாலே குமட்டும். சில நேரம் பட்டன் கட்டிலுக்கடியில் தொங்கும்! அறுவைக்கு முந்தைய நாளே கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து உட்காரப் பத்து நிமிடம் முன்பே அழுத்தலாம் என்பதையும் சொல்லுங்கள். கூட இருப்பவர்கள் பாவம் பார்த்து அழுத்தவே கூடாது. மயங்கியவர் தானாக அழுத்த மாட்டார், இந்த முறையின் பாதுகாப்பே அதுதான்.

பம்ப் பராமரிப்பவர்:
டிரிப்பும் பம்பும் ஒரே கேனுலாவில் (ரத்தக் குழாயில் செருகிய சிறு குழாய்) சேர்ந்தால் டிரிப் பக்கம் ஒருவழி வால்வு கட்டாயம். வால்வு இல்லாமல் கேனுலா அடைத்தால் மார்பின் டிரிப் குழாயில் ஏறித் தங்கும். அடைப்பு விட்டதும் மொத்தமும் ஒரேயடியாக உள்ளே இறங்கும். சிரிஞ்ச் மாற்றும்போது செறிவை இரண்டு பேர் வாய்விட்டுப் படியுங்கள். மில்லிக்கு 5 மி.கி. உள்ளதை 1 என்று பதிந்தால் ஒவ்வோர் அழுத்தலும் ஐந்து மடங்கு.

வார்டு செவிலியர்:
ஆக்ஸிஜன் வைத்திருப்பவருக்கு மானிட்டர் ரத்த ஆக்ஸிஜன் அளவை 98 என்றே காட்டும், மூச்சு குறைவது அதில் தாமதமாகத்தான் தெரியும். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பாருங்கள், மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எழுப்ப முடியவில்லை என்றாலோ, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போனாலோ பம்பை நிறுத்தி, ஆக்ஸிஜன் கொடுத்து, உடனே மருத்துவரை அழைத்து, மார்பினை முறிக்கும் நலாக்ஸோனைத் தயாராக வையுங்கள்.

மயக்க மருத்துவர்:
"திருப்தியா?" என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் தொகுப்பாய்வில், செவிலியர் கொடுக்கும் முறையைவிடப் பட்டன் முறையில் வலி கொஞ்சம்தான் குறைந்தது, திருப்தி கூடியது. உள்ளே போன மருந்தின் அளவும் அரிப்பும்கூடக் கூடின. யாரையும் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதே நோயாளிக்குப் பெரிய நிம்மதி. அதனால் இருமும்போது வலி எவ்வளவு, தூங்கினாரா, அரிப்பு உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பம்பைக் கழற்றுவதும் வலி மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான்.