வீட்டுச் சாப்பாடும் நல்ல ஒயினும்: மனதை விட்டுப் போகாத ஒரு வேளையைச் சொல்லுங்கள்

கரிச்சட்டி:
நானே தொடங்குகிறேன். ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்த பரோலோ, துவர்ப்பு மிகுந்த இத்தாலியச் சிவப்பு ஒயின். மகள் பிறந்தபோது வந்த பரிசு. மாமனார் பணி ஓய்வு பெற்ற அன்று திறந்தேன். அத்தை மீனை ஆவியில் வேகவைத்திருந்தார். எலுமிச்சை, இஞ்சி, அவ்வளவுதான். அவர் கைக்கு மீன் எப்போதும் வாகாக வரும், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலை மாற்றவும் மனம் வரவில்லை.

மீனுக்கு முன்னால் குடித்த முதல் மிடறு அருமை. ரோஜா, தார், காய்ந்த செர்ரி என்று பரோலோவின் திராட்சையான நெபியோலோவைப் பற்றி எல்லோரும் சொல்வது அத்தனையும் அதில் இருந்தது. ஒரு துண்டு மீனைத் தின்றுவிட்டு அடுத்த மிடறு குடித்தேன். நாக்கில் பழைய செப்புக் காசை வைத்த மாதிரி இருந்தது. கூடவே ஒரு மீன் கவிச்சி. தட்டில் இருந்த மீனில் அந்த வாடை துளியும் இல்லை, ஒயினைக் குடித்த பிறகுதான் வாய்க்குள் கிளம்பியது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸைத் தட்டுக்கு அந்தப் பக்கம், கை எட்டாத தூரத்துக்கு, மெல்லத் தள்ளி வைத்தார். சாப்பாடு முடியும்வரை அதைத் தொடவே இல்லை. அந்தக் கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணத்தை அப்புறம்தான் படித்தேன். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 38 சிவப்பு, 26 வெள்ளை ஒயின்களை ஸ்காலப் என்ற சிப்பி இறைச்சியுடன் சுவைத்துப் பார்க்க வைத்திருக்கிறார்கள். எதில் இரும்புச் சத்து அதிகமோ அதில்தான் கவிச்சியும் அதிகமாகத் தெரிந்திருக்கிறது. இதைத் திறப்பதற்கு முன்பே படித்திருக்கலாம்.

தூறல்:
எனக்கு இறால். தம்பிக்குக் காரம் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும் என்று மிளகாயை அள்ளிப் போட்டு வறுத்திருந்தேன். "காரத்துக்கு முரட்டு ஒயின்தான் சரி" என்று யாரோ சொன்னதை நம்பி ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினை எடுத்தேன், 15 சதவீத ஆல்கஹால். இரண்டாவது மிடறிலேயே அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. உதட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தண்ணீர்க் குடத்தைப் பார்த்தான். காரத்தை ஆல்கஹால் அணைக்காது, இன்னும் மூட்டிவிடும். அதை அன்றைக்கு அவன் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை மோசல் ரீஸ்லிங் என்ற ஜெர்மன் வெள்ளை ஒயின் வாங்கினேன். லேசான இனிப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன். லேபிளில் ட்ரோக்கன் என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு 'உலர்ந்த' என்று பொருள், அதாவது இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்தச் சொல்லைப் போடவே முடியாது. காரம் அடங்கவில்லை. மூன்றாவது முறைதான் கபினெட் என்ற லேசான ரீஸ்லிங் வகை கிடைத்தது. இனிப்பு கொஞ்சம், புளிப்பு நிறைய, ஆல்கஹால் 8 சதவீதம். அதே இறால், அதே மிளகாய். தம்பி இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். ஆனாலும் எனக்கு நினைவு வருவது என்னவோ அந்த முதல் நாள் வியர்வைதான்.

மேற்குவாசல்:
கரிச்சட்டி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் மீனுக்குச் சிவப்பு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சரியில்லை. நீங்கள் சொல்லும் அதே ஆய்வில் இரும்பு குறைவான சிவப்பு ஒயின்கள் கவிச்சி இல்லாமல்தான் போயிருக்கின்றன. குற்றம் நிறத்தில் இல்லை. அதோடு பரோலோவின் துவர்ப்பு சும்மா இல்லை. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சி என்றால் அது தணியும். ஆவியில் வெந்த மெல்லிய மீனிடம் அதைத் தாங்கும் வலு ஏது?

என் கதை இதற்கு நேர்மாறு. சால்மன் துண்டைத் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வறுத்து, வெண்ணெயில் வதக்கிய காளானை மேலே போட்டிருந்தேன். கூடவே பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின், பிரான்சின் பர்கண்டி பகுதியிலிருந்து வந்தது. பாட்டிலை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தேன். அக்கா சிவப்பு என்றாலே வேண்டாம் என்பவள். அன்று காளானையும் மீனையும் சேர்த்து ஒரு வாய் வைத்தாள், ஒரு மிடறு குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மழை பெய்ஞ்ச மண்ணு மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது அது ஒன்றுதான். பினோவில் அந்த வாசனையைத்தான் நான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால் சொல்கிறேன், நிறத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

பின்கட்டு:
இது ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

என் மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா முழுக்கோழியை அடுப்பில் சுட்டிருந்தாள். பூண்டு, வெண்ணெய், தைம் இலை, எல்லாம் சரியாக வந்திருந்தது. நான் வெள்ளை பர்கண்டி ஒன்றைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினேன். மேசை அப்படியே அமைதியாகிவிட்டது. யாரும் எதையும் குறை சொல்லவில்லை, யாரும் ரசித்துச் சாப்பிடவும் இல்லை. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசியில் சின்னக் குரலில், "உப்பு குறைஞ்சிருச்சோ?" என்று கேட்டாள். எல்லோரும் "இல்லை இல்லை" என்றார்கள். அந்த "இல்லை"யை அவள் நம்பவில்லை. நானும் கோழியில்தான் ஏதோ தவறு என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு சுவை வகுப்பில் ஒரு கிளாஸை எல்லோருக்கும் சுற்றிக் கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோனதும் உடம்பு சில்லிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த அறை. அன்றைய வாசனை அதே தான். கார்க் கெடுதல், அதாவது பாட்டிலின் கார்க் மூடியால் ஒயின் கெட்டுப்போவது. டிசிஏ என்ற சேர்மம், கார்க்கில் வளரும் பூஞ்சையால் உண்டாவது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் சில பங்கு ஒரு லிட்டரில் இருந்தாலே போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பழ வாசனையை அடியோடு அமுக்கிவிடும். அளவு குறைவாக இருந்தால் அட்டை வாடைகூடத் தெளிவாகத் தெரியாது. ஒயின் செத்துப்போன மாதிரி இருக்கும், கூட இருக்கும் சாப்பாடும் எடுபடாது. அன்று நான் ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்த்திருந்தால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

ஆறாம்விரல்:
என் அனுபவம் சின்னது. தக்காளியைச் சுண்டக் காய்ச்சிய குழம்போடு புளிப்பே இல்லாத, ஓக் பீப்பாய் வாசனை ஏறிய ஒயினைக் குடித்தேன், தண்ணீர் கலந்த பலகை மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தக்காளிக்குச் சாஞ்சோவேசே அல்லது பார்பேரா என்ற இத்தாலியச் சிவப்பு ஒயின்கள் தவிர வேறு வைப்பதில்லை. இரண்டிலும் புளிப்பு உண்டு.

ஆனால் மேலே எழுதிய எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை, தெரியும். இறைச்சியா மீனா என்று பார்ப்பதை முதலில் விடுங்கள். குழம்பைப் பாருங்கள். அதே கோழி எலுமிச்சையோடு வந்தால் ஒரு பாட்டில், பாலாடையோடு வந்தால் வேறு பாட்டில், காளானோடு வந்தால் இன்னொன்று. சாப்பாட்டில் புளிப்பு ஒயினைவிட அதிகமாக இருந்தால் ஒயின் சப்பென்று போகும். வினிகர் ஊற்றிய சாலட் எத்தனையோ நல்ல பாட்டில்களை வீணாக்கியிருக்கிறது, வினிகருக்குப் பதில் கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள், பாதி வேலை முடியும். உப்பைக் குறைக்காதீர்கள், துவர்ப்பையும் கசப்பையும் தணிப்பது அதுதான். நம்பிக்கை இல்லையென்றால் இன்றே செய்து பாருங்கள். துவர்ப்பான சிவப்பு ஒரு மிடறு, பிறகு எலுமிச்சைத் துண்டில் உப்பு தொட்டு நாக்கில் ஒரு நக்கு, உடனே அதே ஒயின் இன்னொரு மிடறு. வேறு பாட்டிலோ என்று தோன்றும். முட்டை மஞ்சள்கரு நாக்கில் படலமாக ஒட்டும், அதற்கு நுரைக்கும் ஒயின் நல்லது. ஆர்ட்டிசோக் என்ற காய் பக்கம் நல்ல பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள சைனரின் அடுத்து வாயில் போவது எதையும் இனிப்பாகக் காட்டிவிடும்.

அப்புறம் வெப்பநிலை. சிவப்பு 16 முதல் 18 டிகிரி. வெயில் காலத்து அறையின் சூட்டில் சிவப்பை வைத்துக் குடித்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். வெள்ளையைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியே வையுங்கள், ரொம்பக் குளிர்ந்தால் வாசனையே வராது. எந்த நல்ல சிவப்பையும் இரண்டு மணி நேரம் முன்பே டிகாண்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுங்கள்.

சாம்பல்நிறம்:
ஆறாம்விரல், மற்றதெல்லாம் சரி. கடைசி வரியை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். "எந்த நல்ல சிவப்பையும்" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பி நான் இழந்தது அப்பாவின் 1982ஆம் வருஷத்து போர்தோ என்ற பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்.

அப்பா அதைத் திறக்காமலே போய்விட்டார். அவர் நினைவு நாளில், அவருக்குப் பிடித்த ஆட்டுத்தொடையைச் சுட்டு வைத்து அதைத் திறக்கலாம் என்று அண்ணன்தான் சொன்னான். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று. ஆறு மணிக்குத் திறந்து டிகாண்டரில் ஊற்றினேன். அப்போது அறை முழுக்க வாசனை: காய்ந்த இலை, புகையிலை, எங்கோ தூரத்தில் கருந்திராட்சை. அண்ணன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து "அப்பாவோட அலமாரி" என்றான். அப்படியேதான் இருந்தது.

ஆட்டுத்தொடை வேக நேரமாகிவிட்டது. எட்டரைக்கு உட்கார்ந்தோம். கிளாஸில் நிறம் மட்டும் மிச்சம், செங்கல் நிறம். முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. குடித்தால் லேசான புளிப்பு, அதற்குப் பின்னால் வெறுமை. முப்பது வருஷம் தாண்டிய ஒயினுக்கு மிச்சமிருக்கும் மூச்சு கொஞ்சம்தான். வண்டலைப் பிரிக்க வேண்டும் என்றால் பரிமாறும் நேரத்தில் ஊற்றுங்கள். காற்றாட விடுவது இளம் ஒயினுக்கு, கரிச்சட்டியின் பரோலோ மாதிரி முறுக்கு குறையாததற்கு. ஆறு மணிக்கு ஒரு மிடறாவது குடித்திருக்கலாம். அண்ணன் காத்திருக்கலாம் என்றான், நானும் சரி என்றேன்.

ஆறாம்விரல்:
திருத்திக்கொள்கிறேன். இளம் சிவப்புக்கு மட்டும். அப்பாவின் பாட்டில் பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நிலாமுற்றம்:
நான் சொல்ல வந்தது கேக். பிறந்தநாள் கேக்கோடு ப்ரூட் ஷாம்பெயின். ஒரு வாய் கேக் தின்றுவிட்டுக் குடித்தால் எலுமிச்சைத் தோலைக் கடித்த மாதிரி இருந்தது. ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, கேக்கின் முன்னால் அது எந்த மூலைக்கு? இனிப்பு சாப்பிட்டால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும். டெமி-செக் வாங்கியிருக்க வேண்டும், அதில் 32 முதல் 50 கிராம் வரை உண்டு. பாட்டியின் தொண்ணூறாவது பிறந்தநாள், முதல் மிடறுக்கு அவர் முகம் சுளித்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. பின்கட்டு, உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா? கோழியில் தவறில்லை, கார்க்தான் என்று?

பின்கட்டு:
சொல்லவில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அதுவே எனக்கு உறைத்தது. நேற்று இரவு போன் செய்தேன். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதுவரை சொன்னாள். அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தால் முழுக்கோழி சுடுவதையே விட்டுவிட்டாளாம். நான் இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

டிசிஏ, பூஞ்சை எல்லாம் விளக்கினேன். பாதியில் நிறுத்தி, "அப்ப உப்பு சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

சரியாக இருந்தது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், கோழி சுடப் போகிறாள். கோழிக்கு வெள்ளை பர்கண்டியே எடுத்து வைத்திருக்கிறேன், இந்த முறை இரண்டு பாட்டில். முதலாவதை அவள் வருவதற்கு முன்பே திறந்து முகர்ந்து பார்க்கப் போகிறேன்.