ஊரடங்கில் பெரியவர்களை வீட்டோடு அடைத்தது சரிதானா?

பொருநைக்கரையான்: 2020 மார்ச்சில் ஊரடங்கு, மே மாதம் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வெளியே வரக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு. நல்லதுக்குத்தான் சொன்னார்கள், சரி. எங்க ஆச்சி விடியக்காலையில் திருநெல்வேலி டவுனில் இருந்து தாமிரபரணிக் கரையில் இருக்கும் குறுக்குத்துறைக்கு நடந்து போய், குளித்து, முருகனைக் கும்பிட்டு, வரும் வழியில் நாலு பேரிடம் வம்பு பேசி, வெற்றிலை வாங்கிக்கொண்டு வருகிறவள். அதை நிறுத்தினோம். முட்டி பிடித்துக்கொண்டது, சுகர் ஏறியது, பேச்சே குறைந்துவிட்டது. கொரோனா மட்டும்தான் வரவில்லை.

பாளை_வாத்தியார்: அந்த 'மட்டும்தான்' இருக்கே அண்ணாச்சி, அது சின்ன விஷயமா? 2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களிடம் கேளுங்க, எங்க பெரியப்பாவை வண்டியில் வைத்துக்கொண்டு நாங்க அலைந்தோம். 60 வயது தாண்டியவர்களுக்கு மார்ச் 1-ஆம் தேதியே ஊசி ஆரம்பித்தாச்சு, இவர் 'பார்ப்போம், பார்ப்போம்' என்றார். ஏப்ரலில் நம்ம சங்கரன்கோவில் பக்கத்து நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்ததும், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லியும், சுத்தமா மாட்டேன் என்றுவிட்டார். முட்டிக்குத் தைலம் தேய்க்கலாம், அண்ணாச்சி.

முக்கூடல்_பொண்ணு: ரெண்டு பேரும் உடம்பையே பேசுறீங்க. எங்க அம்மா பீடி சுற்றுகிறவள். கடை மூடியதும் இலையும் தூளும் வரவில்லை, நனைத்து வைத்திருந்த இலை அப்படியே காய்ந்து நொறுங்கியது, வாரக்கூலி போச்சு. அப்போ முதியோர் பென்ஷன் 1000 ரூபாய், ரேஷன் கடையில் ஒருதடவை 1000 ரூபாய். பாக்கு வாங்கக்கூட மகனிடம் கை நீட்டணும், அதுவும் மருமகள் நிற்கும்போது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க 26 கேள்வி வைத்திருக்கிறது, அதில் 'தேவைக்குப் பணம் இருக்கிறதா' என்பதும் ஒன்று. எங்க அம்மா அதிலேயே ஃபெயில்.

கடையம்_பேரன்: எங்க வீட்டில் நேர்மாறு. சென்னையில் ஐடி வேலை பார்த்த நான் வீட்டோடு வந்து உட்கார்ந்தேன். தாத்தா அத்தனை சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ரெண்டு வருஷம் ஓடாததுதான் அவருக்கு ஒரே குறை.

முக்கூடல்_பொண்ணு: தாத்தாவுக்குச் சொந்த வீடு, பென்ஷன், பக்கத்தில் பேரன். அப்படின்னா ஊரடங்கு எல்லோருக்கும் திருவிழாதான் தம்பி.

பொருநைக்கரையான்: வாத்தியாரே, தைலம் தேய்க்கலாம்தான். 2020 ஏப்ரலில் ஆச்சியின் தங்கச்சி பாவூர்ச்சத்திரத்தில் தவறிப்போனாள். தென்காசி தனி மாவட்டம் ஆகி அஞ்சு மாதம்தான், எல்லை தாண்ட பாஸ் வேணும் என்றார்கள். "அது எப்பலே வேற ஜில்லா ஆச்சு?" என்று ஆச்சி கேட்டாள். பாஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு எந்தத் தைலம்?

பாளை_வாத்தியார்: துஷ்டிக்கு 20 பேர் போகலாம் என்றுதானே உத்தரவு, கூடப்பிறந்தவளை அதில் ஒரு ஆளாக விட்டிருக்கணும். பாஸ் விஷயத்தில் நான் உங்க பக்கம். அதுக்காகப் படித்துறைக் கூட்டத்தில் போய்க் குளிக்க விட்டிருக்கணும் என்பதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். மொட்டைமாடியில் நடக்கச் சொல்லியிருக்கலாம், யாராவது சொன்னீங்களா?

பொருநைக்கரையான்: ஓட்டு வீட்டுக்கு ஏது வே மொட்டைமாடி?