பழைய காரின் கம்பெனி அலாரம் நடுராத்திரியில் தானாக அலறுகிறது, எங்கிருந்து பார்ப்பது?

நாலுசக்கரம்:

2006 மாடல் செடான். அலாரம் கம்பெனி ஃபிட்டிங், வெளியில வாங்கிப் போட்டதில்லை. மூணு வாரமா ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணிக்குள்ள தானா அலறுது. மழை பெய்ஞ்ச ராத்திரின்னா நிச்சயம் உண்டு. பெரும்பாலும் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குது, ரிமோட்டை அழுத்தினா நின்னுடுது. ஆனா ரெண்டு தடவை இண்டிகேட்டர் எதுவுமே எரியலை, சைரன் மட்டும் கத்துச்சு. ரிமோட்டுக்கும் அடங்கலை, தானா ஓஞ்சுது.

இதுவரைக்கும் பார்த்தது: ரிமோட்ல புது பேட்டரி போட்டாச்சு. கதவு, டிக்கி எல்லாம் சரியா மூடுது. பானெட் ஓரத்துல இருக்கிற புஷ் ஸ்விட்சை விரலால அமுக்கினா உள்ளே போய் வெளியே வருது. கார் பேட்டரிக்கு மூணு வயசு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 12.3 வோல்ட் காட்டுது. அலாரம் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு ஓட்டலாமா? இல்லை எதையாவது முதல்ல சோதிக்கணுமா?

வயரிங்_வாத்தியார்:

ஃப்யூஸைப் பிடுங்காதீங்க. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அலாரம், சென்ட்ரல் லாக், சில சமயம் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) எல்லாம் ஒரே கண்ட்ரோல் யூனிட்டில் இருக்கும். ஃப்யூஸ் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால் அதற்கு மெயின் கரண்ட் அறுந்ததாகத் தெரியும், உடனே கத்த ஆரம்பிக்கும்.

நீங்கள் சொன்னதில் மிக முக்கியமானது இண்டிகேட்டர் விஷயம்தான். இண்டிகேட்டரும் சைரனும் சேர்ந்து வந்தால், கண்ட்ரோல் யூனிட்டே "யாரோ திறக்கிறார்கள்" என்று முடிவெடுத்திருக்கிறது. ஏதோ ஒரு ஸ்விட்சோ சென்சாரோ தப்பான தகவல் கொடுக்கிறது. இண்டிகேட்டர் எரியாமல் சைரன் மட்டும் கத்தி, ரிமோட்டுக்கும் அடங்கவில்லை என்றால் யூனிட்டுக்கு அதில் பங்கே இல்லை, சைரன் தானாகக் கத்துகிறது. ஆக உங்கள் வண்டியில் இரண்டு பழுது. ஒன்றைச் சரிசெய்துவிட்டு "இன்னும் கத்துதே" என்று குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

முதல் பழுதுக்கு, மழையோடு சேர்ந்து வருவதால், சந்தேகம் பானெட் ஸ்விட்ச் மேல்தான். உள்ளே போய் வெளியே வருவது ஸ்ப்ரிங் நன்றாக இருப்பதைத்தான் காட்டும், காண்டாக்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்விட்ச் பின்கள் இரண்டிலும் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். ஒற்றை வயர் ஸ்விட்ச் என்றால் ஒரு முனை பின்னில், இன்னொரு முனை ஸ்விட்சின் உலோக உடம்பில். அமுக்கி ஒரு அளவு, விட்டு ஒரு அளவு எடுங்கள்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் பானெட் மூடியிருக்கும்போது காண்டாக்ட் பிரிந்திருக்கும். திறந்தால் எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடம்போடு, சேரும். இதில் ஈரம் புகுந்தால் பிரிந்திருக்க வேண்டிய இடத்தில் கசிவு ஓடி, பானெட் திறந்த மாதிரி ஆகிவிடும். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: மூடியிருந்தால் சேர்ந்திருக்கும். இதில் காண்டாக்ட் கறுத்தாலோ பச்சை பிடித்தாலோ தடை ஏறி, திறந்த மாதிரி தெரியும். மூன்றாவது வகையில் ஸ்விட்சுக்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும், திறப்புக்கு ஒரு அளவு, மூடுவதற்கு வேறொரு அளவு. முதல் இரண்டு வகையில், சேர்ந்த காண்டாக்டில் 1 ஓமுக்குக் கீழேயும், பிரிந்த காண்டாக்டில் முடிவிலியும் காட்ட வேண்டும். ஸ்விட்சை ஆட்டும்போது எண் அலைந்தால் அது போய்விட்டது.

பானெட்டின் ரப்பர் கட்டைகளையும் பாருங்கள். வயசானால் அவை அமுங்கி, மூடியபின் பானெட் லேசாக ஆடும், காற்றில் ஸ்விட்ச் விட்டு விட்டுச் சேரும். திருகி உயர்த்துகிற கட்டையாக இருந்தால், பானெட் ஆடாமல் உட்காரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். அதிகம் உயர்த்தினால் ஸ்விட்ச் போதிய அளவு அமுங்காது, பானெட் லாக்கும் இறுகும்.

12வோல்ட்:

வாத்தியார் சொன்னதோட பேட்டரியையும் விட்டுடாதீங்க. ஓய்வுல 12.6க்கு மேல இருந்தா முழு சார்ஜ், 12.2 கிட்ட வந்தா பாதி. உங்க 12.3 பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். விடியற்காலைக் குளிர்ல பேட்டரியோட தெம்பு இன்னும் குறையும். பழைய அலாரம் சிலது வோல்டேஜ் திடீர்னு சரியறதையே திருட்டு அடையாளமா எடுத்துக்கும். கதவைத் திறந்தா ரூம் லைட் எரியும், அப்போ வோல்டேஜ் ஒரு துளி இறங்கும், அதைப் பிடிக்கிற டிசைன். அதுல பேட்டரி சோர்ந்திருந்தா காரணமே இல்லாம அலறும். என்ஜினை அணைச்ச பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுத்தற வண்டியில, நிறுத்தின சில நிமிஷத்துலயே அலறினா இதான் காரணமா இருக்கும்.

முதல்ல சார்ஜரைப் போட்டு பேட்டரியை முழுசா ஏத்துங்க. என்ஜின் ஓடும்போது டெர்மினல்ல 13.8லிருந்து 14.4 வரைக்கும் வரணும். ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6க்குக் கீழே போனா பேட்டரியை லோட் டெஸ்ட் (பளு கொடுத்துப் பார்க்கிற சோதனை) பண்ணுங்க.

அடுத்தது வண்டி தூங்கும்போது எவ்வளவு கரண்ட் தின்னுதுன்னு பார்க்கணும். மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்ச்ல வெச்சு, பேட்டரி நெகட்டிவ்வுக்கும் அதோட கேபிளுக்கும் நடுவுல. கேபிளைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஒரு ஜம்பர் வயரால இணைச்சு வெச்சா யூனிட் ரீசெட் ஆகாது, சைரனும் கத்தாது. மீட்டரை மாட்டினதும் ஜம்பரை எடுத்துடுங்க. மீட்டர் நடுவுல இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே கூடாது, உள்ளே ஃப்யூஸ் போயிடும். கதவைத் திறந்தே வெச்சு அளக்கணும்னா ஸ்க்ரூ டிரைவரால கதவு லாட்ச்சை (கதவு ஓரத்துல கவ்விப் பிடிக்கிற கொக்கி) சுத்தி மூடின நிலைக்குக் கொண்டு வாங்க. முடிஞ்சதும் ஹேண்டிலை இழுத்து லாட்ச்சை விடுவிச்ச பிறகுதான் கதவைச் சாத்தணும். மறந்து அடிச்சுச் சாத்தினா லாட்ச் உடையும்.

லாக் பண்ணி 30 முதல் 40 நிமிஷம் காத்திருந்தா யூனிட் எல்லாம் தூங்கிடும். அப்புறம் 50 மில்லிஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 300 மில்லிஆம்பியர்னா ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் அவர், 45 ஆம்பியர் அவர் பேட்டரி மூணு நாள்ல கிட்டத்தட்ட பாதி காலி. எந்த சர்க்யூட்டுன்னு கண்டுபிடிக்க ஃப்யூஸைப் பிடுங்கினா தூங்கற யூனிட் முழிச்சுக்கும். அதுக்குப் பதிலா ஃப்யூஸ் தலையில இருக்கிற ரெண்டு சின்ன உலோகப் புள்ளியில மில்லிவோல்ட் அளங்க. 10 ஆம்பியர் மினி ஃப்யூஸ்ல 1 மில்லிவோல்ட் காட்டினா சுமார் 130 மில்லிஆம்பியர் ஓடுதுன்னு அர்த்தம். சுழியா இருந்தா அந்த லைன்ல ஒண்ணும் இல்லை.

நாலுசக்கரம்:

ரெண்டு பேருக்கும் நன்றி. அளந்தேன். ஸ்விட்ச்ல ரெண்டு வயர். விட்டா முடிவிலி, அமுக்கினா 340 ஓம், கொஞ்சம் ஆட்டினா 2,000 ஓம் வரைக்கும் ஓடுது. அப்போ வாத்தியார் சொன்ன ரெண்டாவது வகைதானே? கனெக்டருக்குள்ள பச்சையா இருக்கு. தூங்கும்போது கரண்ட் 38 மில்லிஆம்பியர். பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜ்ல போட்டேன், இப்போ 12.6. ஸ்விட்ச் வர்ற வரைக்கும் வயரை நேரா சேர்த்துக் கட்டி ஓட்டலாமா?

வயரிங்_வாத்தியார்:

இரண்டாவது வகைதான். ஆனால் புது ஸ்விட்ச் கைக்கு வந்ததும் அதையும் அளந்து பாருங்கள். அதிலும் அமுக்கினால் சில நூறு ஓம் நிலையாகக் காட்டினால் ரெசிஸ்டர் வகை என்று அர்த்தம். உங்களுடையது நிலையாக இல்லாமல் அலைவதால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

சோதனைக்காக இரண்டு மூன்று ராத்திரி கனெக்டரின் வண்டிப் பக்கப் பின்கள் இரண்டையும் ஒரு சின்ன வயரால் சேர்த்து வைக்கலாம், அதோடு சரி. அதுவரை பானெட்டுக்குக் காவல் இருக்காது. அந்த ராத்திரிகளில் இண்டிகேட்டரோடு அலறுவது நின்றுவிட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

பச்சையைச் சும்மா விட்டுவிட்டுப் புது ஸ்விட்சை மாட்டாதீர்கள், ஒரு மழைக்காலத்தில் அதையும் தின்றுவிடும். எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காய விடுங்கள். உப்புத்தாள் போட்டால் பின் மேல் உள்ள முலாம் போய்விடும். பின் ஏற்கெனவே அரித்திருந்தால் டெர்மினலையே மாற்ற வேண்டும். பச்சை வயருக்குள் ஏறியிருக்கிறதா என்று இன்சுலேஷனை அரை அங்குலம் உரித்துப் பாருங்கள். தாமிரம் கறுத்திருந்தால் பளபளப்பான இடம் வரும்வரை வெட்டிவிட்டுப் புது வயர் ஒட்டுப் போடுங்கள். மாட்டும்போது கனெக்டரின் ரப்பர் சீலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) லேசாகத் தடவினால் போதும்.

ஓம்சட்டம்:

சைரனைப் பற்றி. ரிமோட்டுக்கு அடங்காமல் தனியாகக் கத்துவது உள் பேட்டரி செத்ததற்கான அடையாளம். பல சைரன்களில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பொத்தான் செல்கள் மூன்று மூன்றாக இரண்டு கட்டு இருக்கும், மொத்தம் 7.2 வோல்ட். பத்துப் பதினைந்து வருஷத்தில் அவை கசியும். கசிவது காரத் திரவம், போர்டின் தாமிரப் பாதையை அரித்துவிடும். சைரனின் மூளை அப்போது மெயின் வயரை யாரோ அறுத்ததாக நினைத்துக்கொள்கிறது.

கழற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். பொதுவாக அலாரத்தை ரிமோட்டால் அணைத்து, இக்னிஷனை ஆன் செய்து ஆஃப் செய்து, கையேடு சொல்லும் நேரத்துக்குள் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் அந்த நேரம் சில வினாடிகள்தான். பிந்தினால் சைரன் கத்தும். கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சத்தம் காதைக் கெடுத்துவிடும், அதனால் காது அடைப்பான் இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம்.

மூடி திருகு போட்டதாக இருந்தால் சுலபம். ஒட்டிய மூடி என்றால் தையல் ஓரமாக மெல்லிய ரம்பத்தால் சுற்றிவர அறுங்கள், 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டாம். செல்கள் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, போர்டில் ஈயம் வைத்த கால்களைச் சூடாக்கி எடுங்கள். வெள்ளைப் படிவம் இருந்தால் தண்ணீர் கலந்த வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அறுந்த பாதை இருந்தால் மெல்லிய வயரால் இணைக்கலாம். பக்கத்தில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட் கொண்டு மாற்றுங்கள்.

புது செல் அதே வோல்டேஜ், அதே ரசாயனம், கால் ஒட்டி வருவதாக இருக்க வேண்டும். வெறும் செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் உள்சீல் கெடும். சார்ஜ் ஆகாத லித்தியம் செல்லை அந்த இடத்தில் போடவே கூடாது, போர்டு அதற்கு சார்ஜ் ஏற்றும், செல் வெடிக்கலாம். மூடும்போது வினிகர் வாசம் வரும் சிலிக்கானைத் தவிருங்கள், அந்த அமிலம் தாமிரத்தை அரிக்கும். நியூட்ரல் வகை சிலிக்கான்தான் சரி. போர்டு ரொம்ப அரித்திருந்தால் மெனக்கெடாமல் சைரனையே மாற்றுங்கள்.

ஸ்பேனர்_17:

ரிமோட் பேட்டரியை மாத்தினது வீண் இல்லை, ஆனா அதனால ராத்திரி அலறாது. ரிமோட் சோர்ந்தா தூரம் குறையும், அவ்வளவுதான். ரிமோட்டால பூட்டிட்டு சாவியால திறந்தா சில வண்டியில அலறும், அதைப் பழுதுன்னு நினைக்க வேண்டாம்.

ஸ்விட்சை நேரா சேர்த்தும் இண்டிகேட்டரோட அலறினா கதவுப் பக்கம் போங்க. பெரும்பாலான வண்டியில மைக்ரோ ஸ்விட்ச் லாட்ச்சுக்குள்ளேயே இருக்கும், பழைய கிரீஸ் இறுகி அது ஒட்டிக்கும். ஓடும்போது கதவு திறந்திருக்குன்னு டாஷ்போர்டு விளக்கு மினுக்கினா அந்தக் கதவுதான். கதவுக்கும் பில்லருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் குழாயை இழுத்துப் பாருங்க. திறந்து மூடித் திறந்து மூடி அங்கேதான் வயர் உள்ளுக்குள்ள அறும். டிக்கி கீல் பக்கமும் அப்படித்தான். உள் நகர்வைப் பார்க்கிற அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தா ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருந்தாலோ, கண்ணாடியில பொம்மை தொங்கினாலோ, உள்ளே பூச்சி சுத்தினாலோ போதும். வெயில்ல நிக்கும்போது பகல்ல அலறினா முதல்ல அதை அணைச்சுட்டுப் பாருங்க.

வண்டி யூனிட்டைப் படிக்கிற ஸ்கேனர் கிடைச்சா கடைசியா எது தூண்டிச்சுன்னு சில மாடல்ல எழுதியே வெச்சிருக்கும். வெறும் என்ஜின் பழுதுக் குறியீடு மட்டும் படிக்கிற சின்ன ஸ்கேனர்ல இது வராது.

நாலுசக்கரம்:

அஞ்சு ராத்திரி ஆச்சு, அதுல ரெண்டு ராத்திரி மழை. வயரை சேர்த்து வெச்சதிலிருந்து இண்டிகேட்டரோட ஒரு தடவை கூட அலறலை. நேத்து 3 மணிக்கு சைரன் மட்டும் தனியா கத்துச்சு. புது ஸ்விட்ச் வந்தாச்சு, அமுக்கினா 0.3 ஓம். பின்களைச் சுத்தம் பண்ணி மாட்டிட்டேன். சைரனைத் திறந்தா ஆறு செல்லும் கசிஞ்சு, ரெண்டு பாதை அரிச்சிருக்கு. பாதையை ஒட்டிப் பார்க்கப் போறேன். மாட்டின பிறகு எல்லா இன்புட்டும் வேலை செய்யுதான்னு எப்படிச் சோதிக்கறது?

வயரிங்_வாத்தியார்:

டிரைவர் ஜன்னலை முழுசாக இறக்கி, மற்றதை மூடி, ரிமோட்டால் பூட்டுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள், அப்போதுதான் காவல் முழுமையாகும். உள்ளே கையை விட்டுப் பானெட் லீவரை இழுத்து, பானெட்டைத் தூக்குங்கள்; அலற வேண்டும். அல்ட்ராசோனிக் சென்சார் இருந்தால் கையை விடும்போதே அலறிவிடும், அதை முதலில் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கதவையும் உள் ஹேண்டிலால் திறந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பூட்டி ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். டபுள் லாக் உள்ள வண்டியில் உள் ஹேண்டில் வேலை செய்யாது; அதில் கதவுகளை இப்படிச் சோதிக்க முடியாது.

கடைசியாக சைரன். அதை மாட்டி ஒரு முழு நாள் ஓட்டினால்தான் புது செல்களில் சார்ஜ் ஏறும். அதற்குப் பிறகு பூட்டிய நிலையில், காது அடைப்பானோடு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பானெட் திறந்திருப்பதால் புது ஸ்விட்சை ஒரு கிளாம்பால் அமுக்கி வைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். கழற்றிய உடனே கத்தினால் செல், போர்டு இரண்டும் சரி. கத்தாவிட்டால் ஒட்டிய பாதைகளைத் திரும்பப் பாருங்கள்.