பிரசவமும் தீபாவளி ஆர்டரும் ஒன்றாக வருகின்றன: வீட்டுப் பலகாரத் தொழிலை நிறுத்துவதா, சுருக்குவதா?

கேள்வி: காரைக்குடிப் பெண், ஃபீனிக்ஸ்

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் பிறந்தவள். திருமணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு, இந்த ஃபீனிக்ஸ் பகுதிக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஐந்து ஆண்டுகளாக வீட்டுச் சமையலறையிலேயே முறுக்கு, சீடை, அதிரசம், மைசூர்பாகு ஆகியவற்றைச் செய்து விற்கிறேன். புரட்டாசியில் மட்டும் மதியச் சைவச் சாப்பாடும் உண்டு. தமிழ் பேச மறந்துபோன குடும்பங்கள்கூட இந்த ஊரில் புரட்டாசி விரதத்தை விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு மாதமும் அதை அடுத்து வரும் தீபாவளியும் சேர்ந்துதான் என் ஆண்டு வருமானத்தில் பாதிக்கு மேல் தருகின்றன.

இரண்டாவது குழந்தைக்கு மருத்துவர் செப்டம்பர் 20ஆம் தேதியைக் குறித்திருக்கிறார், அதாவது புரட்டாசி பிறந்த சில நாட்களில். இப்போது ஜூன் மாதம்தான். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் தீபாவளிக்கு நாற்பது பெட்டிகள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மாமியார் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கிறார். அடுப்பைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், நானே பொரித்துத் தருகிறேன் என்கிறார். அவருக்கு முழங்கால் வலி.

என்னை உறுத்துவது வேறொன்று. மூத்தவளுக்கு ஐந்து வயது. போன வாரம் அவள் பொம்மையைத் துணி அலமாரிக்குள் படுக்கவைத்து, "இரு, ஆர்டர் முடியட்டும், அப்புறம் பால்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். விளையாட்டுதான், ஆனால் அந்தக் குரல் என்னுடையது. இந்த ஆண்டு முழுவதுமாக நிறுத்திவிட்டால் வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்களா? வீட்டிலிருந்து தொழில் செய்துகொண்டே பிள்ளை பெற்றவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பதில்: தையல் அக்கா, சாட்ஸ்வர்த்

தங்கைக்கு வாழ்த்துகள். நான் இருபது ஆண்டுகளாக வீட்டில் ரவிக்கையும் பாவாடை தாவணியும் தைத்துத் தருகிறேன். இரண்டு பிள்ளைகளும் தையல் இயந்திரச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். இளையவன் பிறந்து பதினொன்றாம் நாள், ஒரு கல்யாண வீட்டார் வாசலில் வந்து நின்றபோது, வீட்டில்தானே இருக்கிறேன் என்று கதவைத் திறந்தேன். அன்றிலிருந்து இரவு ஒன்பது மணிக்கும் ஆள் வந்தது, ஞாயிறு காலையிலும் வந்தது. கடைக்கு ஷட்டர் உண்டு. வீட்டு வாசலுக்கு ஷட்டரை நாம்தான் போட வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், திறந்தது நான்.

வாடிக்கையாளர் திரும்பி வருவார்களா என்று கேட்டீர்கள். முன்கூட்டியே சொன்னவர்களிடம் வருவார்கள். கடைசி வாரத்தில் கைவிரித்தவர்களிடம் வரமாட்டார்கள். நாற்பது பெட்டி கேட்டவரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், முன்பணம் வாங்கும் முன்பே. ஒரு பெட்டியில் எட்டு வகை கொடுத்திருந்தால், இந்த ஆண்டு மூன்று வகைதான் என்று சொல்லுங்கள். சுருக்குங்கள், நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம்.

பதில்: சந்தைக்காரி பேத்தி, வெருலம்

தையல் அக்கா சொல்வதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். என் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, டர்பனின் வாரிக் சந்திப்புக்கு அருகே 1934இல் கட்டப்பட்ட அதிகாலைச் சந்தையில் கீரையும் பச்சை மிளகாயும் விற்றவர். நடை பழகிய வயதில் என் அம்மாவின் கணுக்காலைப் பழைய சேலைத் துணியால் மேசைக் காலில் கட்டிவிட்டு எடை போடுவாராம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆயாவுக்கு வேறு வழி இல்லை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பலான "ட்ரூரோ" வந்த நாள் முதல் இந்த ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு வேறு வழி இருந்தது? ஆனால் உங்களுக்கு ஓர் ஆண்டு வருமானம் குறைந்தால் தாங்குமா என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். தாங்கும் என்றால், கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் இந்த ஆண்டு போகவே வேண்டாம். ஐந்து வயதுப் பெண் ஓடித் திரியும் வீட்டில், இரவுத் தூக்கம் இல்லாத ஒருத்தி இரும்புச் சட்டியின் முன் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாங்காது என்றால், பொரிக்காத பொருளை விற்கலாம். டர்பனில் ஜூலையும் ஆகஸ்டும் மழை குறைந்த மாதங்கள். வற்றல், வடகம் காயவும், பொடிகள் நமுத்துப்போகாமல் இருக்கவும் இதைவிட நல்ல காலம் கிடையாது. பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ரசப்பொடி, வறுத்தரைத்த முறுக்கு மாவு ஆகியவற்றைப் பிரசவத்துக்கு முன்பே செய்து அடைத்துவிட்டால், புரட்டாசியில் சாப்பாடு கேட்பவர்களுக்குப் பொடிப் பொட்டலங்களைக் கொடுக்கலாம். அதிரசத்துக்குப் பாகு மாவு பிசைந்து வைத்தால் வாரக்கணக்கில் கெடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் பொரித்த முறுக்கோ, மழைக் காற்றில் டப்பாவைத் திறந்த மறுநாளே துவண்டுவிடும். அந்த அவதியும் இந்த ஆண்டு மிச்சம்.

பதில்: கணக்குப் புத்தகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பெண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லத் தோன்றியது.

முதலில் மாமியார் வீட்டு யோசனை. உணவு விற்பவர்களுக்கு 2018 ஜூன் 22இல் வந்த ஆர்638 என்ற சுகாதார விதிகளின்படி மாநகராட்சி தரும் தகுதிச் சான்றிதழ், சோதித்துப் பார்த்த இடத்துக்கு மட்டுமே செல்லும். ஃபீனிக்ஸ் சமையலறைக்கு வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு டொங்காட்டில் பொரித்து விற்க முடியாது. அந்தச் சமையலறைக்குத் தனியாக விண்ணப்பித்து, சுகாதார அலுவலர் வந்து பார்த்த பிறகே அங்கே தொடங்கலாம். உங்களிடம் சான்றிதழே இல்லை என்றால் அதை முதலில் கவனியுங்கள்.

அடுத்தது பேறுகாலப் பணம். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஊதியத்தில் 66 விழுக்காட்டை 17.32 வாரங்களுக்குத் தருகிறது. தன் பெயரிலேயே தொழில் செய்பவருக்கு அந்த நிதியில் சந்தா கட்டவே வழியில்லாததால், பிரசவ காலத்தில் அவர் கைக்கு ஒரு சென்ட்டும் வராது. சட்டச் சீர்திருத்த ஆணையம் இதை ஆராய்ந்திருக்கிறது. ஆனால் செப்டம்பரில் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அந்த ஆய்வு பால் வாங்கித் தராது. எனவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் லாபத்தில் நான்கு மாத வீட்டுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதுதான் உங்கள் உண்மையான கணக்கு. தீபாவளிப் பெட்டி எத்தனை என்பதை அந்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கணவரைப் பற்றி யாரும் பேசவில்லையே! 2025 அக்டோபர் 3ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தாய்க்கு மட்டுமாக இருந்த நான்கு மாத விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் உரியதாக்கியது. இருவரில் ஒருவர் மட்டுமே ஊழியராக இருந்தால், அந்த நான்கு மாதமும் அவருக்கு உரியது. விடுப்புக் காலத்துக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே நான்கு மாதமும் அவர் எடுப்பது கஷ்டம்தான்; ஆனால் ஷிப்டில் இருப்பவர் மூன்று வாரமாவது எடுக்க முடியுமா என்று பணியிடத்தில் இப்போதே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

உதவிக்கு ஆள் வைப்பதானால், குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, மார்ச் தோறும் அது உயர்த்தப்படுவது வழக்கம். இரண்டு மணி நேரமே வேலை இருந்தாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். அந்த 2025 விகிதத்தில் நாளுக்கு 115.16 ராண்ட் ஆயிற்று. அவர் மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்தால் அவரை யூஐஎஃப்பில் பதிந்து, அவர் பங்காக ஒரு விழுக்காடும் உங்கள் பங்காக ஒரு விழுக்காடும் கட்ட வேண்டும். உங்களுக்குக் கிடைக்காத பேறுகாலப் பணம் அவருக்காவது கிடைக்கட்டும்.

பதில்: காரைக்குடிப் பெண், ஃபீனிக்ஸ்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரோடு உட்கார்ந்து பார்த்தோம். நான்கு மாதம் முழுவதும் மூடினால் தாங்காது. இரண்டு மாதம் தாங்கும். ஆகவே புரட்டாசிச் சாப்பாடு இந்த ஆண்டு கிடையாது. தீபாவளிப் பெட்டியில் அதிரசம், மைசூர்பாகு, ஒரு பொடிப் பொட்டலம் ஆகிய மூன்று மட்டும். இருபது பெட்டிக்கு மேல் எடுக்கப்போவதில்லை. நாற்பது கேட்டவரை அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதினைந்து போதும் என்றார். அதிரசத்துக்கு அடுப்புப் பற்றவைக்காமல் முடியாது. அந்த இரண்டு நாளும் கணவர் வீட்டில் இருப்பார், பிள்ளைகள் டொங்காட்டில் இருப்பார்கள், மாமியாருக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். அவருக்குச் சிறிது ஏமாற்றம், பொரிக்க ஆசைப்பட்டார்.

சந்தைக்காரி பேத்தி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பொம்மைக் கதையைக் கணவரிடமும் சொன்னேன். வெளிக்கதவில் மாலை மூன்று மணிக்கு மேல் வரவேண்டாம் என்று அட்டை மாட்டியாயிற்று. அதற்கு வண்ணம் தீட்டியவள் மூத்தவள்தான்.

ஒரே ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. பொடியையும் மாவையும் பொட்டலமாக விற்பதானால் மேலே என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: கணக்குப் புத்தகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

2010ஆம் ஆண்டின் ஆர்146 என்ற உணவு லேபிள் விதிகளைப் பாருங்கள். பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரித்தவர் முகவரி, தேதி ஆகியவற்றோடு, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களையும் குறிப்பிட வேண்டும். இட்லிப்பொடியில் நிலக்கடலை சேர்ப்பீர்கள் என்றால் அது கட்டாயம். பலர் தவறவிடுவது பெருங்காயத்தை: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதையும் எழுத வேண்டும். டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுப் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.