கீட்டோ தொடங்கியபின் காலைச் சர்க்கரை ஏறுகிறது, நண்பகலில் இறங்குகிறது: காரணம் என்ன?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறேன். சென்ற மாதத்திலிருந்து சோறு, இட்லி, பழம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு முட்டை, பனீர், கோழி, கீரை, தேங்காய், பாதாம் என்று கீட்டோ உணவுமுறைக்கு மாறியிருக்கிறேன். ஒரு நாளின் மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டாமல் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உணவுக்குப் பிந்தைய அளவு நன்றாகவே குறைந்துவிட்டது. முன்பு 190க்கு மேல் இருந்தது இப்போது 120ஐத் தொடுவதில்லை. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, முன்பு 115, 120 என்று இருந்தது, இப்போது 135, 138 என்று காட்டுகிறது. இரவு ஏழு மணிக்குமேல் எதையும் உண்ணாதபோது இந்தச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை. கீட்டோ எனக்கு ஒத்துவரவில்லையா, அல்லது நோய் முற்றுகிறதா?

இடையில் சில நாள்கள் நண்பகல் நெருங்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. ஒருமுறை சோதித்ததில் 61 இருந்தது. பட்டர் டீ குடித்துவிட்டுப் படுத்ததும் சரியாகிவிட்டது. உடல் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று உணவுமுறைக் குழுவில் சொன்னார்கள். ஆகவே அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. காலை அளவுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.


நடைப்பயிற்சி:

சகோதரி, வணக்கம். நானும் பல ஆண்டுகளாக மாவுச்சத்தைக் குறைத்து உண்பவன். காலை அளவு ஏன் ஏறுகிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அந்தச் சர்க்கரை உங்கள் கல்லீரலிலிருந்து வருகிறது. இது கீட்டோ உண்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. விடியற்காலையில், நாம் விழித்தெழுவதற்கு முன்பே, கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை இரத்தத்தில் கூடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தன்னிடம் சேமித்துள்ள கிளைக்கோஜனை உடைத்தும், அமினோ அமிலங்கள், கிளிசரால், லாக்டேட் ஆகியவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்தும் குளுக்கோஸை வெளியிடுகிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடனே சிறிதளவு இன்சுலின் சுரந்து அதைக் கட்டுப்படுத்திவிடும். நமக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்திருப்பதால் ஏற்றம் மீட்டரில் தெரிகிறது.

கீட்டோவில் இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மாவுச்சத்து குறைந்ததும் தசைகள் கொழுப்பு அமிலங்களையே முதன்மையான எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. கொழுப்பை எரிக்கும் தசை குளுக்கோஸை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இதை 1963ஆம் ஆண்டிலேயே பிலிப் ராண்டிலும் அவருடைய குழுவினரும் லான்செட் இதழில் விளக்கியிருக்கிறார்கள். உடலின் நோக்கத்தைப் பார்த்தால் இது பொருளுள்ள ஏற்பாடு. மூளை தன் தேவையில் ஒரு பகுதியைக் கீட்டோன்களால், அதாவது கல்லீரல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருளால், நிறைவு செய்துகொண்டாலும் மீதிக்குக் குளுக்கோஸ் வேண்டும். சிவப்பணுக்களுக்கோ குளுக்கோஸைத் தவிர வேறு எரிபொருளே இல்லை. ஆகவே தசைகள் விட்டுக்கொடுக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் இரத்தத்திலேயே சற்றுக் கூடுதலாக நிற்கிறது.

ஆனாலும், 'இது இயல்புதான், கவலை வேண்டா' என்று நான் முடித்துவிட மாட்டேன். குழுக்களில் அப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நோயில்லாதவருக்குக் கீட்டோவில் 90 என்பது 100 ஆவது வேறு; ஆறு ஆண்டு நோயுள்ள ஒருவருக்கு 138 காட்டுவது வேறு. உங்கள் கல்லீரல் இன்சுலினுக்குப் பணியாமல் இருப்பதும் அதில் ஒரு பங்காக இருக்கலாம். நோயுள்ள பெரும்பாலானோருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 வரை என்பதே அமெரிக்கச் சர்க்கரை நோய்ச் சங்கம் வகுத்துள்ள பொது இலக்கு. உங்கள் அளவு அதைச் சிறிது தாண்டியிருக்கிறது. இன்னும் சில வாரங்கள் கழித்து எச்பிஏ1சி, அதாவது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை, எடுத்துப் பார்த்தால்தான் ஒட்டுமொத்த நிலை தெரியும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் இப்போதே எடுத்தால் அதில் பழைய உணவின் கணக்கும் கலந்திருக்கும்.


மருந்துச்சீட்டு:

நான் மருந்தாளுநராகப் பணிபுரிபவன். மேலே நண்பர் எழுதியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அம்மா, நீங்கள் கவலையில்லை என்று ஒதுக்கிய அந்த 61தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. காலை 138 உங்களுக்கு இன்றோ நாளையோ ஒரு தீங்கும் செய்யாது. நண்பகல் 61 என்பது வண்டி ஓட்டும்போதோ, அடுப்படியில் தனியாக நிற்கும்போதோ வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 70க்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்தான கட்டம். அறிவு மங்கலாம், வலிப்பு வரலாம்.

இது 'உடல் பழகுவது' அன்று. உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடோ கிளிக்கிளாசைடோ இருக்கிறது என்று ஊகிக்கிறேன். நம் ஊரில் மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடு கலந்த கூட்டு மாத்திரை பலருக்கும் எழுதப்படுவதால், தாம் அதைச் சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இந்த வகை மருந்து, நீங்கள் சாப்பிட்டது நான்கு இட்லியா இரண்டு முட்டையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். காலை உணவுக்கு முன் போடும் மாத்திரை இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. அந்த வேளையில் எதிர்கொள்ள மாவுச்சத்து வயிற்றில் இல்லாததால் சர்க்கரை சரிகிறது. இட்லிக்குப் பொருத்தமாக எழுதப்பட்ட அளவு முட்டைக்குப் பொருந்தாது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே நிலைதான். ஆகவேதான் இவ்விரண்டில் எதை எடுப்பவரானாலும் மாவுச்சத்தைக் குறைக்கும் முதல் நாளுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் பட்டர் டீ குடிக்காதீர்கள். கொழுப்பு சர்க்கரையை ஏற்றாது. அதனுடன் வேறு இனிப்பைச் சேர்த்து உண்டாலும் செரிமானத்தைத் தாமதப்படுத்திவிடும். குளுக்கோஸ் பொடியோ வெறும் சர்க்கரையோ 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 70ஐத் தாண்டவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு குடியுங்கள். தாண்டிய பிறகும் சிறிது சோறோ இட்லியோ உண்ண வேண்டும். கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்வதால் ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும். கீட்டோ கலைந்துவிடுமே என்ற தயக்கம் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டா. வாயால் விழுங்க முடியாத நிலை வந்தால் வீட்டிலுள்ளவர்கள் எதையும் ஊட்ட முயலாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

உங்கள் மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரையும், அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பார்த்து, இங்கே எழுதுங்கள். இரத்த அழுத்த மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.


வைகைக்கரை:

ஐயா, விரிவான பதிலுக்கு நன்றி. அட்டைகளைப் பார்த்தேன். காலையிலும் இரவிலும் எடுக்கும் மாத்திரையில் நீங்கள் சொன்னபடியே கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்று இருக்கிறது. காலையில் மட்டும் டபாகிளிஃப்ளோசின் 10 என்று ஒன்று உண்டு. இரத்த அழுத்தத்திற்கு டெல்மிசார்ட்டன் 40. படுக்கையிலிருந்து எழும்போது சில நாள்களாகத் தலை சுற்றுகிறது. நேற்று மாலையிலிருந்து இலேசான குமட்டலும் இருக்கிறது, வாந்தி இல்லை. இப்போது சர்க்கரை 142.


மருந்துச்சீட்டு:

அம்மா, இதைப் படித்ததும் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டா. காரணத்தைச் சொல்கிறேன்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். இவை இரத்தத்திலுள்ள குளுக்கோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள்தாம். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் இவை உடலைக் கீட்டோன் தயாரிக்கும் பக்கம் தள்ளுகின்றன. கீட்டோ உணவும் அதே பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேரும்போது கீட்டோன் அளவு மிகுந்து இரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை சிலருக்கு வருகிறது. வழக்கமான கீட்டோஅசிடோசிஸில் சர்க்கரை 300, 400 என்று ஏறி நம்மை எச்சரிக்கும். இந்த மருந்தை எடுப்பவர்களுக்கு அது 250க்குக் கீழேயே, ஏன், 150லேயே கூட நிற்கலாம். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே நிலைமை கெட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்திலேயே இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

உங்கள் குமட்டல் வேறு காரணத்தாலும் இருக்கலாம். திடீரென்று கூடிய கொழுப்பே அதற்குப் போதும். ஆனால் சோதிக்காமல் அப்படி முடிவு செய்யக் கூடாது. மருத்துவமனையில் இரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். உணவினால் வரும் கீட்டோசிஸ் லிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருக்கும். 3ஐத் தாண்டினால் அசிடோசிஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிறுநீர் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகைக் கீட்டோனைத்தான் காட்டும், இந்நிலையில் மிகுதியாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற மற்றொரு வகையைக் காட்டாது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, தாங்க முடியாத அசதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த மாத்திரையை மேலும் போடாமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே மருந்தின் பெயரையும் கீட்டோ உண்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை 142தானே என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பு உண்டு.

மருத்துவரிடம் பேசும்வரை உங்கள் கையில் உள்ள பாதுகாப்பான வழி, உணவைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான். வேளைக்கு அளவாகச் சோறோ இட்லியோ உண்ணுங்கள். விரதம் வேண்டா. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தலைசுற்றலுக்கும் விளக்கம் உண்டு. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். டபாகிளிஃப்ளோசினும் அதையே செய்கிறது. அவற்றுக்கு மேல் டெல்மிசார்ட்டன் இருப்பதால் எழும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று தோன்றுகிறது. அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.


கொங்குநாடன்:

மீட்டரைப் பற்றியும் ஒரு சொல். ஐஎஸ்ஓ 15197 என்ற தர அளவுகோலின்படி, சர்க்கரை 100க்கு மேல் இருக்கும்போது நூறில் 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தாலே போதும். உண்மையில் 136 இருப்பவருக்கு மீட்டர் 116 என்றும் காட்டலாம், 156 என்றும் காட்டலாம். ஆகவே 120க்கும் 138க்கும் உள்ள வேறுபாட்டை ஓரிரு நாள் எண்களைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே நேரத்தில், தொடர்ந்து பல நாள்கள் எடுத்த குறிப்புதான் மருத்துவருக்குப் பயன்படும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க மேற்கையில் ஒட்டும் சென்சார் அணிபவர்கள், அந்தக் கையின்மேல் படுத்தால் நள்ளிரவில் பொய்யான தாழ்சர்க்கரை காட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கீட்டோவில் சில வாரங்கள் இருந்துவிட்டு ஒரு திருமண விருந்தில் சோறும் பாயசமும் உண்டால் சர்க்கரை முன்பைவிடக் கூடுதலாக ஏறுவதைப் பலர் கண்டிருப்பார்கள். குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முன் மூன்று நாள்களாவது நாள்தோறும் 150 கிராம் மாவுச்சத்து உண்ணச் சொல்வது இதனால்தான். மேலும், சகோதரி, உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். அதை எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.


வைகைக்கரை:

அன்றே மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தக் கீட்டோன் 2.1 இருந்தது. இரத்தத்தின் அமிலத்தன்மை இயல்பாக இருப்பதாகச் சொன்னார்கள். நிற்கும்போது இரத்த அழுத்தம் நன்றாகவே குறைந்தது. மருத்துவர் கிளிமிபிரைடையும் டபாகிளிஃப்ளோசினையும் நிறுத்தி, மெட்ஃபார்மினைத் தனி மாத்திரையாக மாற்றி, டெல்மிசார்ட்டனைப் பாதியாக்கியிருக்கிறார். கடுமையான கீட்டோ வேண்டா, ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் சோறு அல்லது இரண்டு இட்லியுடன் காய்கறியும் முட்டையும் மிகுதியாக உண்ணலாம் என்று சொன்னார். இன்று காலை 144. இதை என்ன செய்வது?


மருந்துச்சீட்டு:

நீங்கள் நலமாக இருப்பதில் மிக்க மகிழ்ச்சி, அம்மா. இரண்டு மருந்துகளை நிறுத்தியிருப்பதால் எண்கள் சில வாரங்களுக்குச் சற்று ஏறியே இருக்கும். 144ஐப் பழைய 120உடன் ஒப்பிடாதீர்கள். காலை, மதிய உணவுக்கு முன், இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்று எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓரிரு நாள்கள் அதிகாலை மூன்று மணிக்கும் ஒருமுறை பார்த்தால், கல்லீரல் எப்போது ஏற்றுகிறது என்பது அவருக்குத் தெளிவாகும். தொடர்ந்து 200ஐத் தாண்டினால் குறித்த நாள்வரை காத்திருக்காமல் அழைத்துச் சொல்லுங்கள். டபாகிளிஃப்ளோசின் உடலை விட்டு நீங்கச் சில நாள்கள் ஆகும். அதுவரை குமட்டலோ வாந்தியோ திரும்பினால், சர்க்கரை எவ்வளவு காட்டினாலும், அன்று போலவே உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.