முகத்துவாரத்தில் பச்சையம் 40 என்று செயற்கைக்கோள் காட்டுகிறது, நீர் மாதிரியில் 2.1தான். எதை நம்புவது?

கேள்வி கேட்டவர்: முகத்துவாரம்

வணக்கம். பெரிய ஆறு ஒன்று வந்து கலக்கும் விரிகுடாவில் பச்சையத்தின் அளவை ஆராய்கிறேன். 2019ஆம் ஆண்டு முழுவதற்கும் அக்வா செயற்கைக்கோளிலுள்ள மோடிஸ் கருவியின் லெவல்-2 (பச்சையம் வரை கணக்கிட்டு முடித்த) கோப்புகளை இறக்கி, பைத்தானில் வரைபடம் போட்டேன். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக மதிப்புகள் நம்பும்படி இருக்கின்றன. முகத்துவாரத்தை ஒட்டி மட்டும், அதுவும் ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களில், கனமீட்டருக்கு 40, 50 மில்லிகிராம் என்று ஏறுகிறது. அதே வாரத்தில் எங்கள் குழு படகில் போய் எடுத்த நீரில் 2.1தான் இருந்தது.

இதைப் பாசிப் பெருக்கம் என்று அறிக்கையில் எழுதலாமா? அறிக்கை மீனவர்கள் கைக்கும் போகும். இல்லாத ஆபத்தைச் சொல்லி அவர்களைக் கரையில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. இருக்கும் ஆபத்தைச் சொல்லாமல் விடவும் முடியாது.

மேகத்தை நீக்க, ஃபிளாக் (பிக்சலில் என்ன சிக்கல் என்று குறிக்கும் எண்) மதிப்பு 512 என்று இருக்கும் பிக்சல்களை விட்டுவிட்டேன். மாதச் சராசரிக்கு எல்லாவற்றையும் கூட்டி வகுத்தேன்.

பதில் சொன்னவர்: அலைப்பட்டை

பெருக்கம் என்று இப்போது எழுதாதீர்கள். படகில் எடுத்த 2.1ஐ நான் நம்புகிறேன்.

செயற்கைக்கோள் பச்சையத்தை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது நிறத்தை. பச்சையம் 443 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை விழுங்குகிறது, பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடுவதில்லை. மோடிஸுக்கான வழக்கமான சூத்திரம் 443, 488 என்ற இரண்டு நீலப் பட்டைகளின் எதிரொளிப்பில் எது பெரிதோ அதைப் பச்சைப் பட்டையான 547ஆல் வகுக்கிறது. விகிதம் இறங்கினால் பச்சையம் ஏறியதாகக் கணக்கு. நிறத்தை மாற்றுவது தாவர மிதவை உயிரிகள் (நுண்பாசிகள்) மட்டுமே என்றிருக்கும் திறந்த கடலில் இது நன்றாக வேலை செய்யும். மோரேலும் பிரியரும் 1977இல் கடல்நீரை இரண்டு வகையாகப் பிரித்தார்களே, அதில் இது முதல் வகை.

உங்கள் முகத்துவாரம் இரண்டாம் வகை. ஆற்று வண்டல் பச்சை ஒளியையும் சிவப்பு ஒளியையும் அதிகம் திருப்பி அனுப்புகிறது. மக்கிய இலைதழைகளிலிருந்து கரைந்து வரும், தேநீர் நிறத்திலுள்ள கரிமப் பொருள் நீலத்தை விழுங்குகிறது. இரண்டுமே விகிதத்தை இறக்குகின்றன. சூத்திரத்துக்கு வண்டலும் தெரியாது, தேநீர் நிறமும் தெரியாது. எல்லாவற்றையும் பச்சையத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது, எனக்கு இதுதான் பெரிய சந்தேகம். கடலுக்கு மேலே கருவிக்கு வந்து சேரும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதம் வளிமண்டலத்தில் சிதறியது. அதைக் கழித்துத்தான் கடலின் நிறத்தை எடுக்கிறோம். தூசியின் பங்கைக் கண்டுபிடிக்க 748, 869 நானோமீட்டர் அகச்சிவப்புப் பட்டைகளைப் பார்க்கிறார்கள். அங்கே நீர் கறுப்பாக இருக்கும், வருவதெல்லாம் காற்றிலிருந்து வந்தது என்பது அனுமானம். வண்டல் நீர் அங்கேயும் ஒளிரும். நிரலில் அதற்கும் ஒரு திருத்தம் இருக்கிறது, ஆனால் கலங்கல் அதிகமானால் அது போதாது. நீரின் ஒளியைத் தூசி என்று எண்ணி, நீலத்தில் தேவைக்கு மேல் கழித்துவிடும். சில பிக்சல்களில் நீல எதிரொளிப்பு எதிர்மறையாகவே போய்விடும்.

அதனால் பச்சைய வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, அதே கோப்பிலுள்ள தொலையுணர் எதிரொளிப்பைத் (நீரிலிருந்து ஒவ்வொரு பட்டையிலும் வரும் ஒளி) திறந்து 443 (நீலம்), 645 (சிவப்பு) பட்டைகளை முதலில் பாருங்கள்.

பதில் சொன்னவர்: துடுப்பு

அலைப்பட்டை சொன்னது சரி. நான் நிரலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஃபிளாக் என்பது ஒற்றை எண் அல்ல, பல பிட்டுகளின் கூட்டு. ஒவ்வொரு பிட்டும் ஒரு சிக்கலுக்கான ஆம்-இல்லை குறி. நிலம் 2, மேகம் அல்லது பனி 512, பக்கத்து ஒளிர்வு கசிந்த பிக்சல் 256. மேகமும் கசிவும் சேர்ந்தால் 768 வரும். நீங்கள் 512க்குச் சமமா என்று கேட்டால் அந்தப் பிக்சல் தப்பித்துவிடும். ஒவ்வொரு பிட்டையும் பிட்வாரி 'அண்ட்' போட்டு, மற்றவை என்னவானாலும் அந்த பிட் இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். மேகப் பிக்சலில் பொதுவாகப் பச்சைய மதிப்பே இருக்காது, அதனால் அது பெரிய தொல்லை இல்லை. மேகத்தை ஒட்டியிருக்கும் 256 பிக்சல்களில் மதிப்பு இருக்கும், அது தவறாகவும் இருக்கும். அவற்றையும், வளிமண்டலத் திருத்தம் தோற்றவற்றையும், பச்சையக் கணக்கு தோற்றவற்றையும் விலக்குங்கள். எந்த பிட்டுக்கு என்ன பொருள் என்பது கோப்பின் பண்புகளிலேயே எழுதியிருக்கும், மனப்பாடம் வேண்டாம்.

அப்புறம் சராசரி. பச்சையம் மடக்கை அளவில் பரவியிருக்கும் ஒன்று. 0.5, 0.6, 40 என்ற மூன்றைக் கூட்டி வகுத்தால் 13.7. மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திருப்பினால் 2.3. ஒரே ஒரு கெட்ட பிக்சல் மாதம் முழுவதையும் கெடுக்காமல் இருக்க இரண்டாவது வழிதான் ஏற்றது.

முகத்துவாரம்

இருவருக்கும் நன்றி. உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். 40ஐத் தாண்டிய பிக்சல்களில் பாதிக்கு மேல் 443இல் எதிர்மறை. 645 மிக உயரமாக இருக்கிறது. இயல்நிறப் படத்தில் அந்த இடம் காவி நிறம். ஃபிளாக்கைச் சரிசெய்ததும் மேக ஓரத்துப் புள்ளிகள் போய்விட்டன.

ஒரு குழப்பம் மட்டும் மிச்சம். பச்சையம் சூரிய ஒளியை வாங்கிச் சிவப்பில் திருப்பி உமிழும் ஒளிர்வை அளக்கும் தரவுத் தயாரிப்பும் அதே இடத்தில் உயர்வாக இருக்கிறதே? அது உயிருள்ள பாசியிலிருந்துதானே வரும்?

அலைப்பட்டை

தெளிந்த நீரில் அப்படித்தான். அந்தத் தயாரிப்பு 667, 748 இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு இழுத்து, 678இல் அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கிறது. வண்டல் அதிகமானால் எதிரொளிப்பின் வடிவமே அங்கே வளைந்துவிடும். பாசி இல்லாமலே எழும்பியது போலத் தெரியும். காவி நீரில் அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

துடுப்பு

முகத்துவாரத்துக்கு மோடிஸை விட்டுவிட்டு சென்டினல்-3 செயற்கைக்கோள்களிலுள்ள ஓல்சி கருவியின் தரவை எடுத்துப் பாருங்கள். 300 மீட்டர் பிக்சல், 21 பட்டைகள். கலங்கல் நீருக்கென்று நரம்பியல் வலையமைப்பில் கணக்கிட்ட பச்சையம் தனியாகவே தருகிறார்கள். 2019க்கு இரண்டு செயற்கைக்கோள்களின் தரவும் உண்டு.

படகு மாதிரியோடு ஒப்பிடும்போது செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்பின் 3 மணி நேரத்துக்குள் எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் ஓதம் மாறினால் நீரே வேறு நீர். மாதிரி எடுத்த இடத்தைச் சுற்றி 3×3 பிக்சல்களை எடுங்கள். அந்த ஒன்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை என்றால் அந்த நாளை விட்டுவிடுங்கள்.

முகத்துவாரம்

ஓல்சியில் 3க்கும் 5க்கும் இடையில் வருகிறது. நேரம் பொருந்தும் மாதிரிகள் நான்குதான் தேறின, நான்குமே ஓல்சி மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அறிக்கையில் 'வண்டல் கலந்த ஆற்றுநீர்' என்று மாற்றிவிட்டேன்.

ஆனால் பொய்ப் புள்ளிகள் எல்லாம் போன பிறகு வேறொன்று தெரிகிறது. அக்டோபரில், முகத்துவாரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, பச்சையம் 6 அளவுக்கு ஒரு திட்டு. நீலம் எதிர்மறை இல்லை, 645 தாழ்வு, ஒளிர்வு உயர்வு. மூன்று நாள் தெற்கே நகர்கிறது. முந்தைய வரைபடத்தில் 40களுக்கு நடுவே இது கண்ணிலேயே படவில்லை.

அலைப்பட்டை

இது உண்மையான பெருக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எந்த இனம், நஞ்சு உள்ளதா என்பதை இந்தப் பட்டைகளை வைத்துச் சொல்ல முடியாது. நுண்ணோக்கிதான் சொல்லும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் எடுத்த மாதிரி ஏதாவது இருக்கிறதா?

முகத்துவாரம்

திட்டு கடந்த வழியில் எங்கள் நிலையம் ஒன்று இருந்தது. பாசி கெடாமல் இருக்க லூகால் அயோடின் கரைசல் சேர்த்து, இருட்டில் வைத்த இரண்டு குப்பிகள் இருக்கின்றன.

துடுப்பு

கரைசலின் தேன் நிறம் வெளிறாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, ஒரு பங்கைப் படிய விட்டு எண்ணுங்கள்.

முகத்துவாரம்

ஒரு குப்பி வெளிறிவிட்டது. இன்னொன்றில் நிறம் அப்படியே இருக்கிறது. படிய வைத்திருக்கிறேன், நாளை எண்ணிவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.