ஜிசிசி 4.8-இலிருந்து 13: படிப்படியாகவா, ஒரே தாவலா?

பழைய_மேக்ஃபைல்:
பெரிய சி++ ப்ராஜெக்ட், இன்னும் ஜிசிசி கம்பைலரின் 4.8.5 வெர்ஷனில் இருக்கிறது. அந்த வெர்ஷனோடு வரும் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டதால் இனித் தள்ளிப்போட வழியில்லை. 13-ஐ வைத்து பில்ட் ஓட்டிப் பார்த்தேன், எரர் கொட்டுகிறது. 5, 7, 9 என்று ஏறுவதா, நேராக 13-க்கே போய்விடலாமா?

நள்ளிரவு_பில்ட்:
நேராகப் போங்கள். நடுவில் நிற்கும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முழு டெஸ்ட் ஓட்ட வேண்டியிருக்கும், அந்த உழைப்பு வீண். ஆனால் கம்பைலரையும் மொழியின் ஸ்டாண்டர்டையும் சேர்த்து மாற்றாதீர்கள். 4.8 எதுவும் சொல்லாவிட்டால் சி++98 என்று எடுத்துக்கொள்ளும், 13 சி++17 என்று. ஃப்ளாகில் 98 என்றே வெளிப்படையாகக் கொடுத்தால் எந்தெந்த எக்ஸெப்ஷனை எறியலாம் என்று த்ரோ பட்டியல் போட்ட பழைய ஃபங்ஷன்கள் மீது வரும் எரர்கள் போய்விடும். சி ஃபைல்களும் இருந்தால், ஹெடரிலேயே குளோபல் வேரியபிளை எக்ஸ்டர்ன் போடாமல் எழுதியிருப்பவை லிங்க் ஆகாது, 10-இலிருந்து அப்படித்தான்.

கோர்டம்ப்:
கம்பைல் எரர் கண்ணுக்குத் தெரிகிற எதிரி, அதற்குப் பயப்பட வேண்டாம். சத்தமில்லாமல் பில்ட் ஆகி, ஆப்டிமைஸ் செய்யும்போது மட்டும் விழுகிற நிரல்தான் ஆளைக் கொல்லும். மதிப்பு திருப்ப வேண்டிய ஃபங்ஷனில் ரிட்டர்ன் விட்டுப்போயிருந்தால், 4.8-இல் ஏதோ ஒரு குப்பை மதிப்போடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 8-க்கு அப்புறம் 'இந்த இடத்துக்கு யாரும் வரவே மாட்டார்கள்' என்று முடிவுகட்டி மிச்சத்தை வெட்டிவிடும், ஓட்டம் அடுத்த ஃபங்ஷனுக்குள் போய் விழும். திஸ் பாயிண்டர் வெற்றாக (நல், null) இருக்கிறதா என்று பார்க்கும் வரிகளையும் 6-இலிருந்து தூக்கிவிடுகிறது. ரிட்டர்ன் வார்னிங் 4.8-இலும் உண்டு. அதை இப்போதே எரராக்கி, பழைய கம்பைலரிலேயே திருத்தி முடியுங்கள்.

பழைய_மேக்ஃபைல்:
சரி, அதைச் செய்கிறேன். இன்னொரு சிக்கல், சோர்ஸ் இல்லாத லைப்ரரிகள் இரண்டு இருக்கின்றன. லிங்க் செய்தால் ஸ்ட்ரிங் சம்பந்தமாக 'கிடைக்கவில்லை' என்கிறது.

நள்ளிரவு_பில்ட்:
ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பு மாறியது, அதன் விளைவு. ஏபிஐ (ABI, கம்பைல் ஆன ஃபைல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்) பழையதாகவே இருக்க, அதற்கான மேக்ரோவை 0 என்று வைத்து முழு ப்ராஜெக்டையும் பில்ட் செய்யுங்கள். பாதி ஃபைலுக்கு 0, பாதிக்கு 1 என்று கலந்தால் தொலைந்தீர்கள்.

கோர்டம்ப்:
அதில் ஒரு லாபமும் உண்டு. 98-உம் பழைய ஏபிஐயும் இருக்கும்வரை இரண்டு கம்பைலரின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் சேர்த்து 13-ஆல் லிங்க் செய்யலாம். எங்காவது விழுந்தால் பாதி டைரக்டரிகளைப் பழையதற்கு மாற்றிப் பாருங்கள், குற்றவாளி ஃபைல் சீக்கிரம் மாட்டும்.